சிக்னலில் நின்றால் மட்டும் ஏசி குளிரவில்லையா?

பழைய காரில் ஓடும்போது ஜில்லென்று வரும் காற்று, பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்றதும் வெப்பமாகிவிடுகிறதா? உடனே ஏசி கேஸ் நிரப்பக் கொடுத்துவிடாதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள் (கையை உள்ளே விடவே வேண்டாம்). வண்டி நிற்கும்போது காற்றை இழுத்துத் தருவது ரேடியேட்டர் பக்கம் உள்ள ஃபேன்தான். அது இரண்டு மூன்று நிமிடமாகியும் சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), அப்புறம் மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். சில நேரம் ஃபியூஸோடு, சில ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

ஃபேன் சரியாகச் சுற்றினால், கண்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் வெப்பத்தை வெளியே விடும் பாகம்) தகடுகளில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கலாம். இன்ஜின் ஆறியதும் மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும்.

கேஸ் ஓட ஓடத் தீர்கிற பொருள் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அதை மெக்கானிக்கிடம் காட்டி, கசிவை அடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள்.