"சூப்பர் புத்தகம், கட்டாயம் படிங்க": பரிந்துரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு புத்தகத்தை முடித்த கையோடு நண்பர்களிடம் நாம் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "செமையா இருக்கு, கட்டாயம் படிங்க." கேட்பவர் தலையாட்டுவார். அதோடு சரி. அது எத்தனை பக்கம், எந்த ஊர்க் கதை, மொழி எப்படி, இப்போது அவர் இருக்கும் நிலைக்குத் தோதுப்படுமா, எங்கே கிடைக்கும் என்று ஒன்றும் அவருக்குத் தெரியாது. நமக்குப் பிடித்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். படிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அது போதாது.

முதலில் அடைமொழிகளை விடுவோம். "மனதை உலுக்கும்", "ஒரே மூச்சில் படித்தேன்", "கீழே வைக்கவே முடியவில்லை" போன்றவை எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். ஆகவே எந்தப் புத்தகத்தைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. பூமணியின் 'வெக்கை'யை எடுத்துக்கொள்ளுங்கள். "பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஊர்ப் பெரிய கையைக் கொன்றுவிட்டுத் தகப்பனோடு தலைமறைவாகிறான். எட்டு நாள் கதை. கரிசல் மண். சின்ன நாவல்தான்." இவ்வளவு போதும். வன்முறை பிடிக்காதவர் விலகிக்கொள்வார், கிராமத்துக் கதை தேடுபவர் பேரைக் குறித்துக்கொள்வார். இரண்டுமே நல்ல விளைவுதான்.

"அய்யோ, கொலையைச் சொல்லிவிட்டீர்களே!" என்று சிலர் பதறுவார்கள். 'வெக்கை' தொடங்கும்போதே கொலை நடந்து முடிந்திருக்கும். பையன் ஓடிக்கொண்டிருப்பான். யார் கொன்றது என்பது அங்கே மர்மமே கிடையாது. கொன்றபின் தகப்பனும் மகனும் அந்த எட்டு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதுதான் நாவல். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவது, சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டிலேயே இருக்கிற செய்தி, அதைச் சொல்வதால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் அந்தச் சம்பவத்துக்குக் கல்கி எப்படிக் கொண்டுபோகிறார், யார் மேலெல்லாம் சந்தேகத்தை விழ வைக்கிறார் என்பதைச் சொன்னால் கேட்பவருக்கு நஷ்டம். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கதை வெளியாகிவிடுமோ என்று பயந்து "நான் எதுவும் சொல்ல மாட்டேன், நீங்களே படிங்க" என்று நிறுத்திக்கொள்வது. எதுவுமே தெரியாமல் ஐந்து பாக நாவலை யார் கையில் எடுப்பார்கள்?

படத்தை வைத்துப் பரிந்துரைப்பதிலும் கவனம் தேவை. 2019-இல் 'அசுரன்' வந்தபிறகு, "அந்தப் படத்தோட கதைதான்" என்று சொல்லி 'வெக்கை'யை நிறையப் பேர் கைமாற்றினார்கள். படத்தில் பெரும் இடம் பிடிக்கும் தகப்பனின் இளமைக்கால அத்தியாயம் நாவலில் அந்த அளவுக்கு இல்லை. நாவலில் இருப்பது அலைச்சல்: மலையிலும் ஓடையிலும் பதுங்குவது, கிடைத்ததைச் சமைத்துத் தின்பது, இரவில் பேசிக்கொண்டே கிடப்பது. சண்டைக் காட்சிகளை எதிர்பார்த்து வந்தவர் ஏமாந்து போவார், பழியைப் புத்தகத்தின் மேல் போடுவார். "படம் இதிலிருந்து வந்தது, ஆனா வேகம் வேற" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

விருதைக் காரணமாகச் சொல்வது இன்னும் பரவலான வழக்கம். "சாகித்ய அகாடமி வாங்கினது" என்றால் பேச்சு முடிந்தது என்று நினைக்கிறோம். விருதுப் பட்டியலைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால், எழுத்தாளருக்கு விருது கிடைத்த நூலும் அவரைப் படிக்கத் தொடங்க ஏற்ற நூலும் பல நேரம் வேறு வேறாக இருக்கும். தி. ஜானகிராமனுக்கு 1979-இல் விருது கிடைத்தது 'சக்தி வைத்தியம்' சிறுகதைத் தொகுப்புக்கு. அவருடைய புகழ்பெற்ற நாவலான 'மோகமுள்'ளுக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அசோகமித்திரனுக்கு 1996-இல் 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்புக்குக் கிடைத்தது. அவரைப் புதிதாகத் தேடி வருபவரிடம் நான் முதலில் கொடுப்பது 'தண்ணீர்' நாவல். கி. ராஜநாராயணனுக்கு 1991-இல் விருதை 'கோபல்லபுரத்து மக்கள்' வாங்கித் தந்தது. அது 'கோபல்ல கிராம'த்தின் தொடர்ச்சி. தெலுங்கு பேசும் குடும்பங்கள் தெற்கே வந்து காடு திருத்தி ஊர் உண்டாக்குவது முதல் நாவலில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு விருது முத்திரையைப் பார்த்து இரண்டாவதைத் திறந்தால், நடுவில் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தவர் மாதிரி முழிக்க வேண்டியதுதான். பூமணி 2014-இல் விருது பெற்றது 'அஞ்ஞாடி'க்காக. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நாவல் அது. பெரிய சாதனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பூமணியை முதன்முதலாகப் படிக்கப்போகிறவரிடம் அதைத் தூக்கிக் கொடுப்பது நியாயமா?

ஜெயகாந்தன் விஷயத்தில் இன்னொரு வசதி இருக்கிறது. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் பிறந்தது 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையிலிருந்து. 1966-இல் ஆனந்த விகடனில் வந்து பெரிய சர்ச்சையான கதை. சிறுகதையில் அந்தத் தாய், கெட்டுப்போனாள் என்று உலகம் சொல்லக்கூடிய மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தாய் அப்படி நடந்துகொள்ளாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நாவல். சிறுகதையை ஒரு டீக்குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம். பிடித்தால் நாவல், அதற்குப் பிறகு 'கங்கை எங்கே போகிறாள்'. நேரமில்லை என்று சொல்கிறவர்களுக்கு இப்படி ஒரு சின்ன வாசலைக் காட்டுங்கள். எழுத்தாளரின் முழுப் பட்டியலையும் ஒப்பித்தால் ஒன்றைக்கூடத் தொட மாட்டார்கள்.

வட்டார வழக்கை மறைத்துவிட்டுப் பரிந்துரைப்பதும் தவறு. சென்னையில் வளர்ந்தவருக்கோ சிங்கப்பூரில் வளர்ந்தவருக்கோ கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பேச்சும் கன்னியாகுமரிப் பக்கத்து நாஞ்சில் பேச்சும் முதலில் தடுக்கும், அதில் அவர்களுடைய குறை ஒன்றுமில்லை. "முதல் கொஞ்சப் பக்கம் கஷ்டமா இருக்கும், வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, காது பழகிடும்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதியில் விடுபவர்கள் குறைவார்கள். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே தொகுத்திருக்கிறார் என்பதையும் சொல்லலாம்.

அப்புறம் பதிப்பு. பலரும் இதைச் சில்லறை விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, அதனால் 'பொன்னியின் செல்வ'னை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். ஐந்து பாகமும் முழுமையாக இருக்கும் பதிப்பு ஒன்று, சுருக்கம் ஒன்று, எழுத்து கண்ணைக் குத்தும் மலிவுப் பதிப்பு ஒன்று. வெறும் பேரைச் சொன்னால் கடையில் எது கிடைக்குமோ அது வீட்டுக்கு வரும். சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஒரு தடவை போனவருக்கே தெரியும், அங்கே கடைகள் பதிப்பகத்தின் பேரில்தான் இருக்கும். புத்தகத்தின் பேரை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வரிசைகளில் அலைவது வீண் வேலை. எழுத்தாளர், நூல், பதிப்பகம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

மொழிபெயர்ப்பு என்றால் நான்காவதாக மொழிபெயர்ப்பாளர் பேர். "தஸ்தயேவ்ஸ்கி படிங்க" என்பது பாதிப் பரிந்துரை. 'குற்றமும் தண்டனையும்' என்றால் எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பு, டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' என்றால் நா. தர்மராஜனுடையது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ரஷ்ய நாவல் கடினம் என்று ஒதுங்கியவர்களில் பலர் உண்மையில் ஒதுங்கியது ஒரு மோசமான மொழிபெயர்ப்பிலிருந்து.

பிடிக்காத புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் இன்னும் அவசரப்படுகிறோம். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-இல் வந்தது. இன்றும் அதைப் பாதியில் மூடிவைத்துவிட்டு "இதெல்லாம் ஒரு நாவலா, கதையே இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. வழக்கமான கதை அதில் இல்லை என்பது உண்மைதான். முதல் பாதி, ஜோசப் ஜேம்ஸ் என்ற கற்பனை மலையாள எழுத்தாளரைப் பற்றி ஒரு தமிழ் எழுத்தாளன் சொல்வது. பின்பாதி அந்த ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள். இந்த அமைப்பைச் சொல்லி, "எனக்கு ஒட்டவில்லை" என்று முடித்தால் அது பயனுள்ள கருத்து. நாட்குறிப்பு வடிவம் பிடித்த ஒருவர் அதைக் கேட்டே போய் வாங்கலாம். பாதியில் விட்ட புத்தகம் என்றால் எங்கே விட்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முடித்தது போலப் பேசுவதைத்தான் பொறுக்க முடியாது. முன்னுரையை மட்டும் படித்துவிட்டு நூல் விமர்சனம் செய்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களை விடுங்கள்.

கேட்பவரின் நிலையையும் பார்க்க வேண்டும். அண்மையில் வீட்டில் துக்கம் நடந்தவரிடம் சாவு பற்றிய நாவலை "ஆறுதலா இருக்கும்" என்று நாமாக நினைத்துக் கொடுப்பது ஆபத்து. "அக்கா, இப்ப என்ன மாதிரி படிக்கத் தோணுது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். "சிரிக்கிற மாதிரி ஏதாவது குடு தம்பி" என்று பதில் வந்தால், நம் கையில் இருக்கும் கனமான புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

கொடுத்த பிறகு வாராவாரம் "படிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் மனிதர் நம்மைக் கண்டு தெருவை மாற்றிப் போவார். ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு தடவை கேளுங்கள். நின்றுவிட்டேன் என்றால் எந்த இடத்தில் நின்றார் என்று கேளுங்கள். பேச்சுவழக்கில் தடுக்கி நின்றவருக்கு அடுத்து எளிய நடையில் ஒன்று, நீளம் தாங்காதவருக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பு என்று அடுத்த பரிந்துரையை அந்தப் பதிலை வைத்தே செய்துவிடலாம்.