தென்னைகளுக்கு நடுவே வானொலிக்கு ஒரு வழி

மன்னார்குடியில் டிஷ் மாட்டுவது என் தொழில். வேர்ல்டுஸ்பேஸ் ரேடியோவில்தான் கை பழகினேன். 2000-ல் ஏவிய ஏஷியாஸ்டார் செயற்கைக்கோளிலிருந்து நேராக வீட்டுக்கு வந்த வானொலி அது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தட்டை ஆன்டெனாவைக் கிழக்கு பார்த்த ஜன்னலில் வைத்தால் போதும். திருவையாற்றில் ஒரு வாத்தியார் வீட்டில் விடிந்ததும் அதன் கர்நாடக இசைச் சேனலான ஸ்ருதி பாட ஆரம்பித்துவிடும். 2009 டிசம்பர் 31-ல் சேவை நின்றபோது, ‘வேறு வழி இருக்கிறதா தம்பி?’ என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

வழி இருக்கிறது. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் ஆகாசவாணியின் 40-க்கும் மேற்பட்ட வானொலிகள் சந்தா இல்லாமல் வருகின்றன. ரிமோட்டில் ரேடியோ பட்டனை அழுத்தி, பிடித்த நிலையத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செட்டாப் பாக்ஸின் சிவப்பு, வெள்ளை ஒயரை ஆம்ப்ளிஃபயரில் செருகினால் அப்புறம் டிவியே வேண்டாம்.

கஷ்டம் எல்லாம் இடம் பார்ப்பதில்தான். ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு தீர்க்கரேகை 93.5 பாகையில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் டெல்டாவிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து 69 பாகை உயரம். கிட்டத்தட்ட உச்சந்தலைக்குப் பக்கம். கருவி எதுவும் வேண்டாம். பங்குனி பிறந்த ஓரிரு நாளில், காலை 11 மணி தாண்டியதும் சூரியன் எங்கே நிற்கிறதோ அங்கேதான் செயற்கைக்கோள். அந்த நேரத்தில் வெயில் விழும் இடத்தில் டிஷ்ஷை வையுங்கள். மட்டை நிழல் விழுந்தால் அந்த இடம் வேண்டாம். கஜாவுக்குப் பிறகு நட்ட கன்றுகள் இப்போது மாடி உயரம் வந்துவிட்டன. நாலு வருஷம் கழித்து எவ்வளவு வளரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கம்பத்தைத் தூக்குக்குண்டு விட்டு நேராக நிறுத்துங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் பின்பக்கப் பாகை அளவுகோலில் 69 வைத்தும் பயனில்லை. டிஷ் பார்வைக்குத் தாழ்ந்த மாதிரி தெரியும். அதன் வடிவம் அப்படி, பயப்பட வேண்டாம். தென்கிழக்கில் விரற்கடை விரற்கடையாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் மூச்சு இரண்டு விடும் நேரம் பொறுங்கள். திரையில் குவாலிட்டி கோடு மெதுவாகத்தான் ஏறும். அது உச்சம் தொட்ட இடத்தில் போல்ட்டை முறுக்குங்கள். டிஷ்ஷுக்கு முன்னால் கைபோல நீளும் கம்பியின் நுனியில் அலையை வாங்கும் எல்என்பியில் ஒயர் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று இந்த முனையைத்தான் முதலில் தின்னும். டேப் சுற்றியே ஆக வேண்டும்.

மழை விஷயம் தனி. வேர்ல்டுஸ்பேஸ் அலையின் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர்; மழை அதை ஒன்றும் செய்யாது. ஃப்ரீ டிஷ் அலை 3 சென்டிமீட்டருக்கும் குறைவு, பெரிய துளிகள் அதை விழுங்கிவிடும். ஐப்பசி அடைமழையில் பாட்டு அறுந்தால் ஏணி போட்டு ஏறி டிஷ்ஷைத் திருப்பாதீர்கள். மழை குறைந்ததும் அதுவே வரும்.