மெத்தனால் மேசரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லடம், காங்கேயம், கோபி என்று கொங்கு நாட்டில் எங்கே போனாலும், பழைய கேபிள் டிவி அலுவலக மொட்டைமாடியில் பயன்படாத பெரிய டிஷ் ஒன்று கண்ணில் படும். பழைய இரும்பு விலைக்குக் கிடைக்கும் அதைக் கொண்டு, விண்மீன் பிறக்கும் முகிலிலிருந்து வரும் மெத்தனால் மேசரை, அதாவது மெத்தனால் மூலக்கூறுகள் லேசரைப் போலப் பெருக்கி அனுப்பும் ரேடியோ அலையை, பிடிக்க விரும்புவது வீண் ஆசையல்ல. டபிள்யூ3 ஓஹெச் என்னும் மூலம் 6668.5 மெகாஹெர்ட்ஸில் 3,000 ஜான்ஸ்கிக்கு (வானிலிருந்து வரும் ரேடியோ அலையின் வலிமையை அளக்கும் அலகு) மேல் ஒளிர்வதால், 3 மீட்டர் டிஷ்ஷே அதற்குப் போதும்.

டிஷ்ஷோடு வந்த சி-பேண்ட் எல்என்பியை (டிஷ்ஷின் குவியத்தில் சமிக்ஞையைப் பெருக்கி, குறைந்த அதிர்வெண்ணுக்கு மாற்றும் கருவி) அப்படியே வைத்துக்கொள்வது முதல் தவறு. அது 4.2 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அளவோடு நின்றுவிடும் என்பதால், தனி ஃபீடும் (டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் பகுதி) அதற்கேற்ற பெருக்கியும் வேண்டும். வலை டிஷ் என்றால் கண்ணியையும் அளந்து பாருங்கள், அலைநீளம் 4.5 சென்டிமீட்டர்தான், கண்ணி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தரையின் வெப்ப இரைச்சல் உள்ளே கசியும்.

திரையில் எழும் முதல் கூர்முனையையே மேசர் என்று முடிவு கட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். 6668.5 என்ற எண்ணிலேயே கண் வைத்திருப்பவர் உண்மையான சமிக்ஞையைத் தவறவிட்டுவிடுவார். சூரியனைச் சூழ்ந்த விண்மீன்களின் சராசரி இயக்கத்தோடு ஒப்பிட்டால் இந்த மூலம் நொடிக்கு ஏறத்தாழ 44 கிலோமீட்டர் வேகத்தில் நம் பக்கம் வருகிறது. நொடிக்கு 1 கிலோமீட்டருக்கு 22 கிலோஹெர்ட்ஸ் வீதம், சமிக்ஞை ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் மேலே தள்ளிப் போகும். அதன்மேல் பூமி சூரியனைச் சுற்றும் வேகமும் சேர்வதால், அதே முனை ஓராண்டுக்குள் மேலும் கீழுமாக ஏறக்குறைய இன்னொரு மெகாஹெர்ட்ஸ் நகரும். மாதக்கணக்கில் இம்மியும் நகராத முனை வானத்திலிருந்து வந்ததல்ல. டிஷ்ஷை அசைக்காமல் விட்டால் மூலம் எட்டொன்பது நிமிடங்களில் கடந்து போக வேண்டும், மறுநாள் 4 நிமிடம் முன்னதாகவே வர வேண்டும். இந்தச் சோதனையை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

கோவையிலிருந்து பார்க்க, அது வடக்கே ஏறத்தாழ 39 பாகை உயரத்தில் ஐப்பசி நள்ளிரவையொட்டி உச்சம் தொடும். அடைமழைக் காலமாயிற்றே என்று தள்ளிப்போட வேண்டியதில்லை, இந்த அலையை மேகம் பெரிதாக மறைக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றுதான் டிஷ்ஷின் ஒரு பாகை அகலப் பார்வைக் கற்றையை இலக்கிலிருந்து விலக்கிவிடும்.

டிடிஎச் எல்என்பியை வைத்து மெத்தனால் மேசரின் மற்றோர் அதிர்வெண்ணான 12.178 கிகாஹெர்ட்ஸைத் தேடுவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எல்என்பிக்குள் இருக்கும் அலையியற்றியின் 9.75 கிகாஹெர்ட்ஸை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது 2428.6 மெகாஹெர்ட்ஸ், அதாவது நம் வீட்டு வைஃபை இயங்கும் இடம். 10.6-க்கு மாற்றினால் 1578.6 வரும், ஜிபிஎஸ்ஸின் 1575.42 அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேபிளின் உறை சரியாக இல்லாவிட்டால் இவை நேராக உள்ளே நுழைந்துவிடும். எல்என்பியின் அலையியற்றி வெயிலில் 400 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தாலே கணக்கில் நொடிக்கு 10 கிலோமீட்டர் பிழை வந்துவிடும் என்பதால், அதிர்வெண்ணை நகரவிடாமல் பூட்டி வைக்கும் பிஎல்எல் வகையையே வாங்குங்கள்.