அமுக்குவான் என்னை விட்டுப் போன விதம்

மாட்டுத்தாவணிப் பக்கம் இரவு வேலை பார்த்த நாட்களில், வாரத்துக்கு இரண்டு தடவையாவது அது வந்தது. கண் திறந்திருக்கும், ஓட்டு இடுக்கில் வெளிச்சம் தெரியும், ஆனால் விரல்கூட அசையாது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி பாரம். கதவோரம் கறுப்பாக ஓர் உருவம். கத்தினால் காற்றுதான் வரும்.

"அமுக்குவான்டா அது" என்று அப்பத்தா தலைமாட்டில் அரிவாளை வைத்தாள். பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறும் கட்டினாள். முடிச்சுப் போடும்போது அவள் கை நடுங்கியது. அப்புறமும் நிற்கவில்லை.

டாக்டர்தான் விளக்கினார். இதற்குப் பெயர் ஸ்லீப் பராலிசிஸ். கனவு வரும் தூக்கத்தில், நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைக் கட்டிவைக்கும். அந்தக் கட்டு அவிழும் முன்பே சிலசமயம் முழிப்பு வந்துவிடும், கனவின் மிச்சம் கண்முன் நிற்கும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாக்கப் படுப்பவர்களுக்கும் அதிகம் வருமாம். எனக்கு இரண்டுமே பழக்கம்.

கெஞ்சிக் கேட்டுப் பகல் ஷிப்டுக்கு மாறினேன். தினமும் 10 மணிக்குப் படுக்கை, அதுவும் ஒருக்களித்து. வந்தாலும் பதறாமல் மூச்சைக் கவனித்து, கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பார்ப்பேன், விட்டுவிடும். இரண்டு மாதத்தில் வருவதே நின்றது.

அரிவாளை எடுத்து வைத்துவிட்டேன். கயிறு மட்டும் கையில் இருக்கிறது, அப்பத்தா கட்டியது.