கிட் லென்ஸிலேயே கபடிப் படத்தின் பின்னணியை மங்க வைப்பது எப்படி?

நம்ம பக்கம், பாலக்கோடு காரிமங்கலம் சுற்றுவட்டாரத்தில், ஊர்க் கபடி நடந்தால் மைதானத்தைச் சுற்றி என்னென்ன இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். நன்கொடை கொடுத்தவர்கள் முகம் போட்ட ஃப்ளெக்ஸ், நிறுத்தி வைத்த பைக்குகள், லைட் கம்பம், கயிற்றை ஒட்டி உட்கார்ந்த கூட்டம். பாடிப் போகிற ரைடர் எவ்வளவு அழகாகப் பாய்ந்தாலும் இதெல்லாம் தெளிவாக விழுந்துவிட்டால் கண் அங்கேதான் போகும். இதற்கு லட்ச ரூபாய் லென்ஸ் வேண்டும் என்று நினைத்துப் பல பேர் முயற்சியே செய்வதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். கேமராவோடு கிட்டில் சேர்ந்து வரும் 55-250 எம்எம் ஜூம் லென்ஸ் கையில் இருந்தால் போதும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. லென்ஸின் எம்எம் எண்ணை (எவ்வளவு ஜூம் என்பது) எஃப் எண்ணால் (லென்ஸ் எவ்வளவு திறக்கிறது என்பது, எண் குறைந்தால் திறப்பு பெரிது) வகுத்துப் பாருங்கள். 50 எம்எம், எஃப் 1.8 என்றால் சுமார் 28 மி.மீ. வரும். 250 எம்எம், எஃப் 5.6 என்றால் சுமார் 45 மி.மீ. இதுதான் லென்ஸின் திறப்பு. ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுத்தால், திறப்பு பெரிதாக இருக்கிற லென்ஸில்தான் பின்னணி அதிகம் கரையும். அதனால் ஜூமைக் கடைசி வரை தள்ளிவிடுங்கள், எஃப் எண்ணை அது இறங்குகிற மட்டும் இறக்கிவிடுங்கள். எஃப் எண்ணை நாமே வைக்கிற மோடு கேனானில் ஏவி, நிக்கான், சோனியில் ஏ.

அடுத்தது உட்காருகிற இடம். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும், ஆனால் யாரும் இதைக் கவனிப்பதில்லை. ஆண்கள் கபடி ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பக்கவாட்டில் நின்று குறுக்காக எடுத்தால், ரைடருக்குப் பின்னால் மூன்று நான்கு மீட்டரிலேயே கூட்டம் வந்துவிடும். அதற்குப் பதிலாகக் கடைசிக் கோட்டுக்கு வெளியே, மூலைப் பக்கமாகப் போய் உட்காருங்கள். ரைடர் முகம் உங்களைப் பார்த்து வரும், அவருக்குப் பின்னால் எதிர்ப்பாதி ஆடுகளத்தின் நீளம் முழுக்க இடைவெளியாகக் கிடைக்கும். ரைடர் உங்களிடமிருந்து 8 மீட்டரில் இருக்கிறார், பேனர் அவருக்கு 3 மீட்டர் பின்னால் என்றால் 250 எம்எம்மிலும் அதில் உள்ள பெயரைப் படித்துவிடலாம். அதே பேனர் 15 மீட்டர் பின்னால் போனால், உள்ளங்கை அளவு எழுத்துகூட வெறும் நிறமாகக் கரைந்துவிடும். லென்ஸ் அதே, செட்டிங்கும் அதே.

இன்னொன்று, ரைடர் உங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறாரோ அவ்வளவு நல்லது. கடைசிக் கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிற போனஸ் கோட்டை அவர் தாண்ட வரும் நேரத்துக்குக் காத்திருங்கள். மண்டி போட்டோ சம்மணம் போட்டோ கீழே உட்கார்ந்துவிட்டால் கூட்டத்தின் தலைக்கு மேலே தூரத்துக் கரடும் வானமும் பின்னணியாகக் கிடைக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் எந்த மைதானத்தில் நின்றாலும் ஏதாவது ஒரு பக்கம் பாறைக் கரடு தெரியும், சாயங்கால வெயிலில் அது பழுப்பும் பச்சையுமாக மங்கி நிற்பது அவ்வளவு அழகு.

சரி, செட்டிங். ஷட்டர் ஸ்பீட் 1/1000 நொடிக்கு மெதுவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்கிற எண்) ஆட்டோவில் போட்டு, உங்கள் கேமராவில் வசதி இருந்தால் குறைந்தபட்ச ஷட்டரை அங்கேயே குறித்துவிடலாம். ஃபோகஸை ஓடுகிற ஆளைத் தொடர்ந்து பிடிக்கிற மோடில் (கேனானில் ஏஐ செர்வோ, மற்றதில் ஏஎஃப்-சி) வையுங்கள், ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்று, அது ரைடரின் முகத்திலோ நெஞ்சிலோ இருக்கட்டும். 250 எம்எம்மில் 8 மீட்டர் தூரத்துக்குத் தெளிவாக விழுகிற ஆழம் ஒரு சாண் அளவுதான், எல்லாப் புள்ளியையும் திறந்துவிட்டால் கேமரா குறுக்கே வருகிற டிஃபெண்டரின் முதுகைப் பிடித்துக்கொள்ளும்.

ராத்திரி மேட்ச் என்றால் 1/500 வரை இறங்கலாம், ஐஎஸ்ஓ 6400 போனாலும் பயப்படாதீர்கள். கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பின்னால் சரிசெய்யலாம், ஆட்டத்தில் ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. எல்இடி விளக்கில் சில படம் வெளிச்சமாகவும் சில படம் இருட்டாகவும் வந்தால் மெனுவில் விளக்கு மினுக்கத்தைச் சமாளிக்கிற ஆன்டி-ஃப்ளிக்கர் இருக்கிறதா பாருங்கள். போனில் எடுப்பவர்கள் பின்னணியை மென்பொருளால் மங்க வைக்கிற போர்ட்ரெய்ட் மோடை நம்ப வேண்டாம், ஓட்டத்தில் அது விரலையும் முழங்கையையும் சேர்த்து அழித்துவிடும்.

எருது விடும் விழாவுக்கு இந்த முறை சரிப்படாது. தெருவின் இரண்டு பக்கமும் தடுப்பை ஒட்டியே ஆட்கள் நிற்பதால் பின்னணியைத் தள்ளிவைக்க இடமே இல்லை. அங்கே ஷட்டரை 1/60க்கு இறக்கி, தடுப்புக்கு வெளியே பத்திரமான இடத்தில் காலை ஊன்றி நின்று, மாடு வரும் வேகத்துக்கே இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிக்கொண்டே பர்ஸ்ட்டில் (தொடர்ச்சியாகப் பல படம்) எடுங்கள். மாடு தெளிவாக விழும், கூட்டம் நீளக் கோடுகளாக இழுபட்டுப் போகும். பட்டனை விட்ட பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள், அங்கேதான் பலருக்குக் கை உதறிவிடுகிறது.