ஜப்பான் காலத்து விடுதித் தோழமையைப் பாட்டியிடம் கேட்டுப் பதிவு செய்வது எப்படி?

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ உங்கள் வீட்டில் தொண்ணூறு வயதைத் தாண்டிய பாட்டியோ தாத்தாவோ இருந்து, அவர் ஜப்பான் காலத்தில், அதாவது 1941 கடைசியிலிருந்து 1945 வரை மலாயா ஜப்பானியர் பிடியில் இருந்தபோது, பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவர் என்றால், அந்த நினைவுகளைப் பதிவு செய்யும் வேலையை அடுத்த விடுமுறைக்கென்று தள்ளிப்போடாதீர்கள். 1942இல் பதினான்கு வயதில் இருந்தவர் 1928இல் பிறந்தவர்.

முதல் கேள்வி போரைப் பற்றியதாக இருக்கக் கூடாது. நான் செய்த பிழை அதுதான். "ஜப்பான்காரன் வந்தப்ப என்ன நடந்துச்சு பாட்டி?" என்று கேட்டதும், "அதெல்லாம் இப்ப எதுக்குக் கண்ணு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சில வாரங்கள் கழித்து, விடுதியில் அவருக்குத் தலை பின்னிவிட்டது யார் என்று கேட்டேன். தோழியின் பெயரைச் சொன்னவர், அதன் பிறகு ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கை அந்தத் தோழி நீளவாக்கில் பிளந்து, நடுநரம்பு ஒட்டாத பாதியையே எப்போதும் பாட்டியின் தட்டில் வைப்பாராம். கையில் கிழங்கு இல்லாமலேயே, இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து விலக்கி, பாட்டி அதைப் பிளந்து காட்டினார். அரிசி கிடைக்காமல் போனதும், ஜப்பான் காசு செல்லாக்காசானதும் அந்தக் கிழங்கின் வழியாகத்தான் வந்து சேர்ந்தன. ஆகவே அடுத்த படுக்கையில் படுத்தது யார், பட்டப்பெயர் வைத்தது யார், எதற்குச் சண்டை வந்தது, யார் முதலில் பேசினார் என்று தோழமையைக் கேளுங்கள். போர் தானாகவே பின்னால் வரும்.

முதியவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள். அதை நீங்கள்தான் பொறுமையாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். "வானத்தை வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னோம், குண்டு விழுந்துச்சு" என்று ஜார்ஜ் டவுனைப் பற்றிச் சொன்னால், அது பெரும்பாலும் 1941 டிசம்பர் 11. ஜப்பானியப் படை பினாங்குக்குள் நுழைந்தது அதே மாதம் 19ஆம் தேதி. காலையில் இருட்டாக இருக்கும்போதே மணி அடித்ததாகச் சொன்னால், 1942 பிப்ரவரியில் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளியதற்குப் பிந்தைய நினைவாக அது இருக்கலாம். தோழி நேதாஜியின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குப் போய்விட்டார் என்றால் அது 1943இன் பிற்பாதிக்கு முந்தியதாக இருக்க முடியாது, ஏனெனில் நேதாஜி சிங்கப்பூர் வந்ததே அந்த ஆண்டு ஜூலையில்தான். ஈப்போவின் ராசம்மா பூபாலன் பதினாறு வயதளவில் அதில் சேர்ந்தவர் என்பதால், பள்ளிப் பிள்ளைகள் படைக்குப் போனார்களா என்று ஐயப்பட வேண்டியதில்லை. பழைய சான்றிதழில் 2603 என்று கண்டால் திகைக்காதீர்கள். ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் 660ஐக் கழித்தால் 1943 கிடைக்கும்.

பதிவுக்குக் கைப்பேசியே போதும், மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். தோழியின் அப்பாவோ அண்ணனோ ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கூலி வேலை செய்யப் பிடித்துச் செல்லப்பட்ட கதை வந்து பேச்சு நின்றுபோனால், அடுத்த கேள்வியை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அவரே தண்ணீர் கேட்கும் வரையிலும் பக்கத்தில் அமர்ந்திருங்கள். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டாலும் தவறில்லை.

கேட்ட சொற்களை அப்படியே எழுதுங்கள். "போர்டிங்" என்று அவர் சொன்னதை "உண்டு உறைவிடப் பள்ளி" என்று திருத்தாதீர்கள். தோழியின் பெயரைப் பொதுவில் வெளியிடுவதற்கு முன் அவருடைய குடும்பத்தாரைத் தேடி அனுமதி கேளுங்கள். அவர்கள் கிடைத்தால் ஒலிப்பதிவின் நகல் ஒன்றையும் கொடுங்கள். தங்கள் அம்மா பதினான்கு வயதில் யாருக்குக் கிழங்கு பிட்டுக் கொடுத்தார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.