வில்லியம்சன் சுரங்கப்பாதைகளில் புதிய வழிகாட்டிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிவர்பூல் நகரின் எட்ஜ் ஹில் பகுதியில், ஜோசப் வில்லியம்சன் என்ற புகையிலை வணிகர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1840-இல் தாம் இறக்கும்வரை வெட்டுவித்த சுரங்கப்பாதைகளில் நான் தன்னார்வ வழிகாட்டியாக இருக்கிறேன். அண்மையில் சேர்ந்த ஒருவரின் குழுவோடு கடைசி ஆளாக நடந்தபோது, என் பழைய பிழைகள் ஒவ்வொன்றாக அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டேன். தலைக்கவசம், வழுக்காத காலணி பற்றியெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நடந்துகொண்டே பேசுவது

வளைவுக் கூரையின் கீழ் அது கடைசி ஆளுக்கு வெறும் இரைச்சல். நின்று பேசுங்கள்.

தெரியாததைக் கதையால் நிரப்புவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். எதற்காக இவற்றை வெட்டுவித்தார் என்பதற்கு வில்லியம்சன் தெளிவான விளக்கம் எதையும் விட்டுச்செல்லவில்லை. உலகம் அழியப்போகிறது என்று நம்பிய ஒரு சமயக் குழுவைச் சேர்ந்தவர் அவர் என்றும், ஊழிக்காலத்தில் பதுங்குவதற்கே இவற்றை அமைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் முதல் ஆண்டில் ஒவ்வொரு குழுவுக்கும் அதையே சொன்னேன். இருட்டில் குரலைத் தாழ்த்திச் சொன்னால் கூட்டம் மூச்சடக்கி நிற்கும்; அந்த ருசி எளிதில் விடாது.

ஒருநாள் வந்தவர்களில் ஓய்வுபெற்ற கல்தச்சர் ஒருவர் இருந்தார். நான் பேசி முடித்ததும் என் கைவிளக்கை வாங்கி, மணற்கல் சுவரில் நேர்கோடாக இறங்கிய ஒரு காடியில் வெளிச்சம் அடித்து, அதற்குள் விரல்களை வைத்து, பதுங்கப்போகிறவன் கல்லை இப்படி அளவெடுத்துப் பிரிப்பானா என்று கேட்டார். முதலில் கட்டடக்கல் எடுத்த குழிகளே பின்னர் வளைவு கட்டி மூடப்பட்டன என்று கருதுவோர் சான்றாகக் காட்டுவது இத்தகைய தடங்களைத்தான். நானோ ஓராண்டாக அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியே கதை சொல்லியிருந்தேன்.

'என்று சொல்வார்கள்' எனச் சேர்த்துக்கொண்டால் போதாதா என்று புதியவர் கேட்டார். போதாது. தமிழில் 'கட்டினாராம்' என்றால் அந்த 'ஆம்' கடைசிவரை கூடவே வரும். இங்கே ஆங்கிலத்தில் சேர்க்கும் எச்சரிக்கை வாசலைத் தாண்டுவதில்லை. வெளியேறிய ஒருவர் அதை உறுதியான செய்தியாகவே கைபேசியில் சொல்லிக்கொண்டு போனதை நானே கேட்டிருக்கிறேன்.

வேலையற்றோருக்குக் கூலி கொடுக்கவே வெட்டுவித்தார் என்ற விளக்கத்திலும் இதே கவனம் வேண்டும். பலருக்கு வேலை கொடுத்தார் என்பது வேறு, அதற்காக மட்டுமே வெட்டுவித்தார் என்பது வேறு.

குப்பையை அவசரமாகக் கடப்பது

அவர் இறந்தபின் சுரங்கப்பாதைகளில் கொட்டப்பட்ட சாம்பலையும் உடைசலையும் தன்னார்வலர்கள் வாளி வாளியாக அள்ளியபோதுதான் புட்டிகளும் களிமண் புகைக்குழாய்களும் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. அவற்றின் முன் சற்று நில்லுங்கள். இவற்றைப் பற்றிச் சொல்ல ஊகம் தேவையில்லை.

ஆள் எண்ணிக்கை

இறங்கும்போது எண்ணியவரே ஏறும்போதும் எண்ண வேண்டும்.